கிழக்கு பார்த்த இஞ்சின்

முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். பின்சக்கரத்துக்கு ரெண்டு. கங்கம்மா கோயில் வாசலில் பூசாரி கற்பூரம் காட்டினார், பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார், குங்குமத்தை வண்டியின் பைப்பில் அப்பினார். "ம்... எடுப்பா வண்டிய" என்றார்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். நானே கூப்பிட்டிருந்தேன். வீடு வீடாகப் போய், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைத்திருந்தேன். அந்தக் கொழுப்பு எனக்கு இருந்தது.

கிளட்சை மிதித்தேன். முதல் கியரைப் போட்டேன். இஞ்சின் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்துபோயிற்று. காலை எடுத்தேன்.

வண்டி பின்னால் போனது.

மெதுவாகப் போயிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். துள்ளிக்கொண்டு போனது. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் ஒன்றைச் சாய்த்து, பூஜைத் தட்டைத் தட்டிவிட்டு, கோயிலுக்குப் பக்கத்து எருக்குழியில் பின்சக்கரத்தை இறக்கிக்கொண்டு நின்றது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் இல்லை. முன்சக்கரத்து எலுமிச்சம்பழங்கள் இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

அப்புறம் கூட்டத்திலிருந்து ஒருத்தன் தெலுங்கில் கத்தினான். "வெனக்கி போயிந்திரா!"

பின்னாடி போயிடுச்சுடா என்று அவன் சொல்லித்தானா தெரியவேண்டும்? ஊர் சிரித்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டவர்கள்கூட உண்டு. என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

என் மனைவி அம்சா எருக்குழி ஓரம் வந்து நின்றாள். "எறங்கு மாமா" என்றாள்.

இன்னும் பன்னிரண்டு நாளில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, மெட்ராசிலிருந்து எனக்குக் குவைத் விமானம்.

அம்சா போட்ட கட்டளை

இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் குவைத் புராணம் அலுத்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. நகரிப் பக்கம் விஜயபுரத்துக்கு அருகில் ஆந்திரத்து எல்லைக் கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து எங்களை வளர்த்தார். நான் வெல்டிங் கற்றுக்கொண்டு, எங்கள் ஊரிலிருந்து கிளம்பிய கூட்டத்தோடு கூட்டமாகக் குவைத்துக்குப் போனேன். அப்போது வீட்டுக்கு ஒருத்தர் பம்பாய்க்கோ பெங்களூருக்கோ அரபு தேசத்துக்கோ போய்க்கொண்டிருந்த காலம். ஊரில் எஸ்.டி.டி. பூத் வாசலில்தான் பெண்கள் கூட்டம், குழாயடியில் இல்லை.

ஐந்து வருஷத்தில் ஒருமுறை லீவில் வந்தேன். "இனிமே போவ மாட்டேன்" என்று அம்சாவின் தலையில் கை வைத்துச் சொன்னேன். இரண்டே மாதத்தில் பெட்டி கட்டிவிட்டேன். இரண்டாவது முறை வந்தபோதும் அதையேதான் சொன்னேன். அம்சா என் அத்தை மகள். நான் டவுசர் போட்ட காலத்துப் பொய் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"ஒன் வாய நம்பி ஒருக்கா ஏமாந்தது போதும்" என்றாள். "இங்க இருந்துக்கினு இன்னா பண்ணுவே, அத காட்டு."

"இன்னா காட்டணும்?"

"நம்ம தோப்பு பழத்த ஆத்துக்கு இந்தாண்ட கொண்டாந்து லாரில ஏத்து. நேரத்தோட ஏத்திட்டியா, இங்கயே இரு. முடியலயா, டிக்கெட்டுல போட்ட வெள்ளிக்கெழம கெளம்பு. அழ மாட்டேன், ஒன்ன திட்டவும் மாட்டேன்."

திட்ட மாட்டேன் என்று சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தோப்பு என்று பெரிதாகச் சொல்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில், மலையடியில், சர்க்கார் நைனா பேருக்குக் கொடுத்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். எங்கள் வம்சத்திலேயே முதல் நிலம். நான் குவைத் போன வருஷம் நைனா அதில் மாங்கன்று வைத்தார். நான் இரண்டாவது முறை லீவில் வந்த வருஷம்தான் முதல்முறையாக மரம் தாங்காமல் காய்த்தது.

அதே சமயத்தில்தான் சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரிகள் வந்திருந்தன. டின்னில் அடைத்துக் கப்பலில் ஏற்றுகிறார்களாம். காலையில் ஃபேக்டரி லாரி ஆற்றின் இக்கரை ரோட்டில் வந்து நிற்கும். பதினோரு மணிக்குக் கிளம்பிவிடும். அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே ஒரு ஃபர்லாங் மணல். வெயில் காலத்தில் குசஸ்தலை ஆற்றில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் ஆள் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும்.

டிராக்டர் வைத்திருந்தவர்கள் பெரிய தோப்புக்காரர்கள். அவர்கள் பழம் ஏறி முடிந்து, டிரைவர் டீ குடித்து, பீடி பிடித்து, எங்கள் பக்கம் திரும்புவதற்குள் லாரி போயிருக்கும். மிச்சம் தலைச்சுமைதான். கொதிக்கிற மணலில் கணுக்கால் புதையப் புதைய, நைனாவும் அம்சாவும் பெட்டி பெட்டியாகச் சுமந்தார்கள். பாதிப் பழம் தோப்பிலேயே பழுத்து அழுகியது.

குவைத் பாலைவனத்தில் பணக்காரப் பையன்கள் மணல்மேட்டில் ஏறி விளையாட ஒரு வண்டி வைத்திருப்பார்கள். மேல்மூடி கிடையாது, கதவு கிடையாது. வெறும் பைப்பு, பின்னால் இஞ்சின், கொழுத்த டயர். பக்கி என்பார்கள். அவர்கள் விளையாட்டுக்கு ஓட்டுகிற அதை நாம் பழம் ஏற்ற ஓட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பேர்தான் ஊரில் எடுபடவில்லை. மணல் வண்டி என்று வைத்தோம்.

மணலை வைத்தே வளைத்தோம்

கூட்டாளி யாரென்றால் அம்சாவின் அண்ணன் தேவராஜு. எனக்கு மச்சான். புத்தூரில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற ஷெட் வைத்திருந்தார்.

திருப்பதியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஒரு சின்னக் கார் கிடைத்தது. பின்னால் லாரி ஏறி டிக்கி முழுக்கச் சப்பளிந்திருந்தது. முன்பக்கம் கீறல்கூட இல்லை. அந்தக் காரில் இஞ்சின், கியர் பெட்டி, அச்சு எல்லாம் முன்னால் ஒரே மூட்டையாக இருக்கும். அதை அப்படியே கழற்றி நம் வண்டியின் பின்பக்கம் வைத்துவிடலாம் என்பது என் திட்டம். டாடா ஏஸ், அது இது என்று இன்றைக்கு இருக்கிற குட்டி லோடு வண்டி எதுவும் அன்றைக்குக் கிடையாது.

பைப் வளைக்க மெஷின் இல்லை. தேவராஜு மச்சான் ஆற்று மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, பைப்புக்குள் கெட்டியாக நிரப்பி, இரண்டு முனையிலும் மர ஆப்பு அடித்தார். கரி அடுப்பில் பைப் பழுக்கச் சிவந்ததும் மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையில் வைத்து இரண்டு பேரும் இழுத்தோம். நசுங்காமல், சுருங்காமல், வழுவழு என்று வளைந்து வந்தது. மணல் இல்லாமல் வளைத்தால் சப்பையாக நசுங்கிவிடும். "எந்த மணல்ல ஓடப்போவுதோ அந்த மணலே உள்ள போயி வளைக்குது பாத்தியா" என்று மச்சான் பெருமையாகச் சொன்னார். மனுஷனுக்கு வேலை சுத்தம்.

வெல்டிங் முழுக்க நான். சீட் பழைய பஸ் சீட். பெட்ரோல் டேங்க் மொபெட்டினுடையது. பின்னால் அகலமான பழைய ஜீப் டயர். இஞ்சினுக்கு மேலேயும் பக்கத்திலேயும் எட்டுப் பெட்டி வைக்கக் கம்பித்தட்டு. ஒரு மாதம் புத்தூருக்கும் ஊருக்கும் பஸ்ஸில் அலைந்தேன். கண்ணில் மணல் கரகரக்க, கையெல்லாம் நெருப்புப் பொறி பட்டுக் கொப்பளிக்க, அப்படி ஒரு சந்தோஷம். ஐந்து வருஷத்தில் எனக்காக நான் செய்த முதல் வேலை அது.

வாஸ்து வந்து உட்கார்ந்தது

இந்த இடத்தில் மச்சானின் வியாதியைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷங்களில் ஆந்திராவை வாஸ்து பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நல்லாக் கட்டிய வீட்டுச் சுவரை இடித்து வாசலைக் கிழக்கே மாற்றுவார்கள். மாடிப்படியை வடக்கிலிருந்து பெயர்த்துத் தெற்கே ஒட்டுவார்கள். செப்டிக் டேங்க்கூடத் தப்பவில்லை. மச்சான் வாழ்ந்ததே அதில்தான். ஒரே கேட்டை ஒரே வீட்டில் மூன்று திசையில் மாட்டிக் கொடுத்திருக்கிறார். அடுத்தவருக்கு மாட்டி மாட்டி, கடைசியில் அது அவருக்கே பிடித்துவிட்டது.

அவர் ஷெட்டுக்கு வாசல் மேற்கே, ரோட்டைப் பார்த்து. வண்டியை வெளியே எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அதன் மூக்கை மேற்கே பார்த்து வைத்துக் கட்டினோம். இஞ்சினைச் செயினில் தொங்கவிட்டு இறக்குகிற நாள் வந்தது. நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் ஏற்றி, இறக்கப்போகிற சமயத்தில் மச்சான் கையை நீட்டி நிறுத்தினார்.

"மாப்ள, இஞ்சின் மேக்க பாக்குது."

"பாக்கட்டுமே."

"பாக்கக்கூடாது. இந்தக் கையால நான் ஒரு தண்ணி மோட்டார கூட மேக்க பாத்து வச்சது இல்ல. ரேடியேட்டர் கீற பக்கம்தான் இஞ்சினுக்கு மூஞ்சி. மூஞ்சி கெழக்க பாக்கணும்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? யோவ் மச்சான், இஞ்சினைத் திருப்பினால் அச்சு எந்தப் பக்கம் சுற்றும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? இல்லை. குவைத்தில் பக்கிகளுக்கு ரேடியேட்டர் பின்னால் இருப்பதைப் பார்த்திருந்தேன். அதனால், "ஆமா மச்சான், அங்கயும் பின்பக்கம் பாத்துதான் வைப்பானுங்க" என்று பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன். இஞ்சின் செயினிலேயே அரைவட்டம் சுற்றியது. கிழக்கு பார்த்து உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கியது நான்தான்.

ஷெட்டில் ஸ்டார்ட் செய்து கேட்டோம், சத்தம் அருமை. ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். பூஜை போடாமல் சக்கரம் ஒரு சுற்று உருளக்கூடாது என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். அப்புறம் கோயில் வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

எருக்குழி ஓரம்

கூட்டம் கலைந்த பிறகு அம்சா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து டயரைக் கழுவினாள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"ரிவர்ஸ் கியர் போட்டு பாத்தியா?" என்றாள்.

போட்டேன். வண்டி எருக்குழியிலிருந்து ஏறி, சமர்த்தாக முன்னால் வந்தது. அதாவது பின்னால் போக நாலு கியர், முன்னால் வர ஒரு கியர். உலகத்திலேயே அப்படி ஒரு வண்டி எங்களிடம்தான் இருந்தது.

"இஞ்சின திருப்பி வச்சா வண்டி திரும்பிதான போவும்? இதுகூடவா ஒனக்கு தெரியல? மெக்கானிக்குன்னு சொன்னே."

அப்போதுதான் நான் உடைந்துபோனேன். ஐந்து வருஷமாகக் கடிதாசியிலும் போனிலும் நான் ஊரெல்லாம் பரப்பிய பொய் அது. பக்கியின் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி எடுத்த போட்டோவை வேறு வீட்டுச் சுவரில் மாட்டவைத்திருந்தேன்.

"நான் அங்க மெக்கானிக் இல்ல அம்சா" என்றேன். "இஞ்சின தொடவே வுட மாட்டானுங்க. பைப் ஒடஞ்சா ஒட்டுவேன். வண்டி கழுவுவேன். மத்த நேரம் டயருக்கு காத்தடிப்பேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இஞ்சின் தெரியாதுன்னு எனக்கு தெரியும்."

"எப்டி?"

"போன லீவுல நம்ம தோப்பு கெணத்து மோட்டார் நின்னுச்சே, தொட்டியா நீ? பக்கத்து தோட்டத்து ஆளதான இட்டுக்கினு வந்தே." டயரில் தண்ணீரை ஊற்றினாள். "ஆனா காத்தடிச்சது தெரியாது. அஞ்சு வருஷமாவா?"

"அஞ்சு வருஷமா."

சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நானும் சிரித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

யாரைத் திருப்புவது?

மறுநாள் காலை மூன்று பேரும் புத்தூர் ஷெட்டில் நின்றோம். மறுபடி வண்டியின் மூக்கு மேற்கே. இஞ்சினைத் திருப்பினால் அதுவும் மேற்கே பார்க்கும்.

"முடியாது" என்றார் மச்சான். "சாமி சொன்னாலும் நான் மேக்க பாத்து இஞ்சின் வைக்க மாட்டேன்."

"யோவ், முனின்ற என் பேர ஊர்ல ரிவர்ஸ் முனின்னு ஆக்கிட்டானுங்கய்யா! இன்னாத்துக்கு மேக்கும் கெழக்கும்?"

"ராத்திரி பகல் வெல்டிங் போடு, நானும் போடறேன். ஆனா மேக்க வாணாம் மாப்ள, வீணா வம்பு."

நான் சம்மட்டியைத் தூக்கி மூலையில் எறிந்தேன். அவர் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் பெஞ்சில் அடித்தார். அந்தப் பஞ்சாங்கம் இல்லாவிட்டால் அன்றைக்கு எங்கள் உறவே முறிந்திருக்கும். என்னை அடிக்க வேண்டிய அடியை அதன்மேல்தான் அடித்தார்.

அம்சா நடுவே வந்தாள்.

"அண்ணா, இஞ்சின் கெழக்க பாத்தாதான ஒனக்கு வேணும்? அத மட்டும் அப்டியே தூக்கி தொங்க வுடு. வண்டிய தள்ளிக்கினு போயி திருப்பிக்கினு வா."

இஞ்சினைச் செயினில் மாட்டித் தூக்கி, கிழக்கு பார்த்தபடியே தொங்கவிட்டோம். வெறும் வண்டியை ரோட்டுக்குத் தள்ளி, டீக்கடை முன்னால் திருப்பி, மூக்கைக் கிழக்கே வைத்து உள்ளே கொண்டுவந்து இஞ்சினுக்கு அடியில் நிறுத்தினோம். இஞ்சின் ஒரு இஞ்ச்கூட அசையவில்லை. மச்சான் கண்ணில் தண்ணீர். "சரஸ்வதி" என்று தங்கச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. பழைய தாங்கிகளை எல்லாம் அறுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியிருந்தது. கியர் ராடு எட்டவில்லை. ரேடியேட்டர் இப்போது சீட்டின் முதுகை இடித்தது, அதைப் பக்கத்துக்குத் தள்ளினோம். ஒன்பது நாள் ஆனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷெட் வாசலிலேயே முதல் கியர் போட்டேன். முன்னால் போனது. மச்சான் மறுபடி எலுமிச்சம்பழம் வாங்க ஓடினார். "அத புழிஞ்சி ஜூஸ் போட்டு குடிச்சிட்டு வேலைய பாருங்க" என்றாள் அம்சா. போதும் பூஜை என்று நானும் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நசுக்கிவிட்டுத்தான் விட்டார்.

ஒரு ஃபர்லாங் மணல்

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கரைத் தோப்பில் எட்டுப் பெட்டி ஏற்றினோம். காலி வண்டி மணலைச் சுலபமாகக் கடந்து வந்திருந்ததால் எனக்குத் தலை கால் புரியவில்லை. நைனா தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு நின்றார். வண்டி நின்றுபோனால் பழத்தை யார் சுமப்பது என்று முன்னேற்பாடு.

"ஏறு நைனா, அந்தாண்ட எறக்கி வுடறேன்."

"நான் நடந்தே வரேன். நடக்கறவன் முன்னாடிதான் போவான்" என்றார். சுருக்கென்று தைத்தது.

அம்சா பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இக்கரை மேட்டில் ஃபேக்டரி லாரி, அதைச் சுற்றி ஜனம். செய்தி எப்படிப் பரவியதோ, கோயில் கூட்டத்தைவிட அதிகம். பழம் பார்க்க வந்தவர்கள் பாதி, என்னைப் பார்க்க வந்தவர்கள் பாதி.

ஆற்றில் இறங்கினேன். ஐம்பது அடி, நூறு அடி, நன்றாகத்தான் போனது. பாதி ஆறு தாண்டியதும் பின்பக்கம் கனத்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். சக்கரம் அதே இடத்தில் சுற்றி மணலைத் தோண்டியது. இன்னும் அழுத்தினேன். அச்சு வரைக்கும் புதைந்து நின்றுவிட்டது.

கரையில் சிரிப்பு தொடங்கியது. "ரிவர்ஸ் போடு முனி!"

நைனா சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் முதல் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. வெள்ளிக்கிழமை நான் விமானத்தில் இருப்பேன். எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, குவைத்துல இப்டி மாட்டிக்கினா இன்னா பண்ணுவாங்க?" என்றாள் அம்சா.

எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாகத் தெரியும். ஆனால் காலையில் மச்சான் லோடு ஏற்றப்போகிறோம் என்று டயரைக் கல் மாதிரி ஊதியபோது நான் வாயைத் திறக்கவில்லை. காற்றடிக்கிறவனாக இருந்ததை ஊருக்குக் காட்டப் பிடிக்காமல் சும்மா இருந்தேன். அந்த வீம்புதான் எங்களை மணலில் புதைத்தது.

"ஒன் கொண்ட ஊசிய குடு" என்றேன்.

கீழே குதித்து, டயரின் வால்வில் ஊசியை அழுத்தினேன். உஸ்ஸென்று காற்று போனது. கரையில், "அய்யய்யோ, டயர பஞ்சர் பண்றான்டா" என்று கத்தினார்கள். காற்றை அளக்கிற கேஜ் கிடையாது, எனக்கு வேண்டவும் வேண்டாம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே பாலைவனத்தில் எத்தனை ஆயிரம் டயருக்குக் காற்று இறக்கியிருப்பேன்! டயர் சப்பென்று தொந்தி தள்ளி மணலில் பரவ வேண்டும். அப்போது மணல் அதை உள்ளே விடாது. நாலு டயருக்கும் அதே அளவு. அம்சா கையால் சக்கரத்துக்கு முன்னிருந்த மணலை வழித்துவிட்டாள்.

நைனா வந்துவிட்டார். பெட்டியில் கை வைத்தார்.

"கைய எடு நைனா!" என்று கத்தினேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவரை எதிர்த்துக் கத்தினேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

இருவரும் ஏறி உட்கார்ந்தோம். இரண்டாவது கியர். ஆக்ஸிலேட்டரில் லேசாகக் கால், அவசரமே இல்லாமல். வண்டி ஒரு முறை குலுங்கியது. பின்சக்கரம் மணலைப் பிடித்தது. எழுந்தது. நகர்ந்தது. நகர்ந்தது என்ன, போனது! எட்டுப் பெட்டிப் பழத்தோடு, பக்கத்தில் ஒரு பெண்டாட்டியோடு, குசஸ்தலை ஆற்று மணலில் மிதந்துகொண்டு போனது.

"நிறுத்தாத மாமா! நிறுத்தாத!" அம்சா என் தோளைப் பிடித்துக் கத்தினாள். கரைமேடு செங்குத்தாக வந்தது. வேகத்தைக் குறைக்காமல் ஏற்றினேன். மூக்கு வானத்தைப் பார்த்தது. இரண்டு பெட்டியிலிருந்து பழம் உருண்டது. கோரைப்புல்லை வாரிக்கொண்டு மேலே வந்து, லாரியின் பின்பக்கத்தை முட்டுகிற மாதிரி நிறுத்தினேன்.

சிரித்தவர்கள் எல்லாம் இப்போது விசில் அடித்தார்கள். கோயிலில் "வெனக்கி போயிந்திரா" என்று கத்தினவன்தான் முதலில் ஓடிவந்து பெட்டியை இறக்கினான். மச்சான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இஞ்சினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கை சுட்டுவிட்டதென்று உதறினார். நான் ஸ்டீயரிங்கை விடவில்லை. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே ஒரே கூச்சல்.

கொஞ்ச நேரம் கழித்து நைனா மணலைக் கடந்து நடந்து வந்து சேர்ந்தார். வெறும் தலை. மேல்மூச்சு வாங்க வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். "அடுத்த நடைக்கு நானும் ஏறிக்கிறேன்" என்றார்.

எட்டு மணிகூட ஆகவில்லை. ஃபேக்டரி ஆள் பழத்தை முகர்ந்து பார்த்து, பெட்டியைத் தட்டிப் பார்த்து, என்னிடம் தெலுங்கில் கேட்டார். "ரேப்பு கூட பண்டி வஸ்தாதா?" நாளைக்கும் வண்டி வருமா?

அம்சாவைப் பார்த்தேன். அவள் சீட்டிலிருந்து இறங்கி, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளே பதில் சொன்னாள்.

"நாளைக்கும் வரும். வெள்ளிக்கெழமையும் வரும்."